மட்டக்களப்பிலிருந்து பழம்பொருட்களை இணைய ஏலத்தில் விற்பதானால் எந்தத் தளம்?

கல்லடியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. அப்பா காலமான பிறகு வீட்டு அலுமாரியில் ஒரு தபால்தலை அல்பமும், பழைய கடித உறைகள் நிறைந்த ஒரு பையும், ஒரு பிஸ்கட் டின் நிறையச் செப்புக் காசுகளும், யஷிகா பிலிம் கமரா ஒன்றும் இருக்கின்றன. அக்கா மருதமுனையில் நெய்விக்கும் கைத்தறிச் சேலைகளையும் இவற்றோடு சேர்த்து இணையத்தில் ஏலம் விடலாம் என்று குடும்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஏலத்தளங்களில் எது நல்லது, எதில் கட்டணம் குறைவு என்பது கேள்வி. சொற்கள் தளத்தைப் பற்றி இருந்தாலும், மட்டக்களப்பில் இருந்துகொண்டே இந்தப் பொருட்களைச் சரியான ஆளிடம் சேர்த்து, அதற்குரிய பணத்தை நம்முடைய வங்கிக் கணக்கில் பார்ப்பது எப்படி என்பதுதான் உண்மையில் கேட்கப்படுகிறது என்று விளங்கிக்கொண்டு எழுதுகிறேன். கட்டணத்தை மட்டும் வைத்துத் தளத்தைத் தேர்ந்தால், கட்டணம் குறைந்த ஆனால் வாங்க ஆளில்லாத இடத்தில் பொருளை வைத்துக் காத்திருக்க நேரும். நான் தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். தபால்தலையும் நாணயமும் சேர்ப்பதிலும் இணையத்தில் விற்பதிலும் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. கமராவும் துணியும் எனக்கு அந்த அளவுக்குப் பழக்கமில்லாதவை. அவற்றைப் பற்றிச் சொல்லும்போது அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏலம் என்ற முறையே எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். விடியற்காலையில் கரையில் மீன் ஏலம் கூறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மீனுக்கு இரண்டு முதலாளிமார் நின்றால் விலை ஏறும். ஒருவர் மட்டும் நின்றால் கூறுபவர் எவ்வளவு உரக்கக் கூறினாலும் ஏறாது. இணைய ஏலமும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஈபே போன்ற தளங்களில் கேட்பவர் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும். அவருக்காகத் தளமே, எதிராளி கேட்ட தொகையை ஒரு சிறு படியால் மட்டும் மிஞ்சும்படி விலையை உயர்த்திக்கொண்டு போகும். ஆகவே ஒருவர் 100 டொலர் வரை போகத் தயாராக இருந்தாலும், அடுத்தவர் 12 டொலரோடு நின்றுவிட்டால் உங்கள் பொருள் ஏறத்தாழ 12 டொலருக்கே போகும். கடைசி விலையை உண்மையில் தீர்மானிப்பவர் இரண்டாவது ஆள். உங்கள் பொருளை விரும்பும் இரண்டு பேராவது ஒரே வாரத்தில் வந்து போகும் இடம் எது என்பதே தளத்தைத் தேரும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி. இரண்டாவது கேள்வி, அந்த இடத்திலிருந்து பணம் இலங்கைக்கு வருமா என்பது. கட்டணம் மூன்றாவதாகத்தான் வரும்.

இலங்கைக்குள் நம்மவர் அதிகம் பாவிக்கும் இக்மன் 2012இல் தொடங்கப்பட்டது. அது விளம்பரத் தளம், ஏலத்தளம் அன்று. விலையைப் போட்டு, தொலைபேசியில் பேரம் பேசி, நேரில் கைமாற்றும் முறை அங்கு நடக்கிறது. டராஸ், கடைக்காரர்கள் புதுப்பொருட்களை விற்கும் சந்தை. இவை இரண்டும் வீட்டுச் சாமானுக்கும் கைத்தொலைபேசிக்கும் நல்லவை. பழைய கடித உறைக்கு அங்கே ஆள் இல்லை. உள்நாட்டில் ஏலம் என்று சொல்லத்தக்கதாக நடப்பது முகநூல் குழுக்களில்தான். தபால்தலை, நாணயம், பணத்தாள் சேர்ப்பவர்களின் குழுக்களில் பொருளின் படத்தைப் போட்டு, தொடக்க விலையையும் முடியும் நேரத்தையும் எழுதிவிட்டால், கேட்பவர்கள் கருத்துப் பகுதியில் தொகையை எழுதிக்கொண்டு வருவார்கள். முடிவு நேரத்தில் உயர்ந்து நிற்பவருக்குப் பொருள். பணம் வங்கி மூலம் வரும், பொருள் பதிவுத்தபாலில் போகும், தரகுக் கட்டணம் இல்லை. இதன் நன்மை வெளிப்படையானது. ஆனால் வென்றவர் வாங்காமல் மறைந்தால் குழு நடத்துநர் அவரை நீக்குவதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது. வாங்கியவர் குறை சொன்னாலும் நடுவராக நிற்க யாரும் இல்லை. சில குழுக்களில் கடைசி நிமிடத்தில் யாராவது கூடிய தொகை கேட்டால் நேரத்தை நீட்டுவார்கள், சிலவற்றில் நீட்டமாட்டார்கள். பொருளைப் போடுமுன் ஒரு மாதமாவது பார்வையாளராக இருந்து, அங்கே யார் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார் என்று கவனித்துக்கொள்ளுங்கள். சாதாரண இலங்கை நாணயங்களுக்கும், சுதந்திரத்துக்குப் பிந்திய நினைவுத் தபால்தலைகளுக்கும் இது போதும் என்பது என் கருத்து. அவற்றுக்கு வெளிநாட்டில் கிடைக்கும் விலை தபால் செலவுக்கே சரியாகிவிடும்.

வெளிநாட்டு வாங்குநர் தேவைப்படும் பொருட்களுக்கு இன்றும் முதலிடம் ஈபேக்குத்தான். 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய இத்தளத்தில் இப்போது பெரும்பாலான பொருட்கள் நிலையான விலையிலேயே விற்கப்படுகின்றன. ஆயினும் தபால்தலை, நாணயம், பழைய கமரா ஆகிய துறைகளில் ஏலம் உயிரோடு இருக்கிறது. பிரித்தானியக் காலனிகளின் தபால்தலைகளைச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று பரந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சிலோன் என்ற சொல்லைத் தேடி வந்து சேரும் இடம் அது. பெல்ஜியத்திலிருந்து இயங்கும் டெல்காம்ப், தபால்தலைக்கும் கடித உறைக்கும் பழைய படத் தபாலட்டைக்கும் என்றே அமைந்த தளம். கூட்டம் சிறியது, ஆனால் வருகிறவர்கள் பொருளை அறிந்தவர்கள். 2008இல் நெதர்லாந்தில் தோன்றிய கட்டவிக்கியில் துறை அறிந்த ஒருவர் உங்கள் பொருளைப் பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அது ஏலத்துக்குப் போகும். வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கட்டணம் எடுப்பார்கள். அதன் விற்பனையாளர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சேர்ந்தவர்கள் என்பதால், நேரத்தைச் செலவழித்துப் படங்கள் எடுக்குமுன், இலங்கை முகவரியிலிருந்து விற்பனையாளராகப் பதிய இடமிருக்கிறதா என்பதைப் பதிவுப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் பையில் உள்ள உறைகளுக்கு டெல்காம்பையும், மற்றவற்றுக்கு ஈபேயையும் நான் சொல்வேன்.

இனிப் பணத்தின் வழி. நம்முடைய ஊரில் பலர் கணக்குத் திறந்து, படம் எடுத்து, பொருளையும் விற்றுவிட்ட பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். இணையத்தில் பணம் அனுப்பவும் பெறவும் உதவும் சேவை பேபால். இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தலாம், ஆனால் வெளியிலிருந்து வரும் பணத்தைப் பெற முடியாது என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் நிலை. இது மாறப்போகிறது என்ற செய்தி அவ்வப்போது வரும். உங்கள் கணக்கில் பெறும் வசதி கண்ணுக்குத் தெரியும்வரை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். ஈபே முன்பு பேபாலோடு சேர்ந்து இயங்கியது. இப்போது வாங்குபவரின் பணத்தைத் தானே பெற்று விற்பவருக்குக் கொடுக்கிறது. நம் நாட்டு விற்பனையாளர்களுக்கு அந்தப் பணம் பயோனியர் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவையில் திறக்கும் கணக்கின் வழியாக வந்து, அங்கிருந்து உள்ளூர் வங்கிக்கு மாறுகிறது. பயோனியரில் கவனிக்க வேண்டியவை சில உண்டு: வங்கிக்கு மாற்றும்போது ஒரு கழிவு, எடுப்பதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, ஆண்டில் சிறுதொகையே வந்துபோகும் கணக்குக்கு ஓர் ஆண்டுக் கட்டணம். நாலைந்து பொருள் மட்டும் விற்கப்போகும் ஒருவருக்கு இந்த ஆண்டுக் கட்டணமே பெரிய செலவாகிவிடலாம். ஆகவே இன்றைய கட்டண அட்டவணையை அவர்களுடைய தளத்தில் வாசித்த பிறகே கணக்குத் திறவுங்கள்.

பெயர் விடயத்திலும் கவனம் வேண்டும். ஈபே கணக்கு, பயோனியர் கணக்கு, வங்கிக் கணக்கு, தேசிய அடையாள அட்டை ஆகிய நான்கிலும் பெயர் ஒரே ஆளுடையது என்று விளங்கும்படி இருக்க வேண்டும். நம்மவர்களின் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகளோடு ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் முழுப்பெயராக வேறு விதமாகவும், கடவுச்சீட்டில் இன்னோர் எழுத்துக்கூட்டலிலும் பெயர் இருப்பது வழக்கம். சரிபார்ப்பு இங்கேதான் சிக்கிக்கொள்ளும். விற்பனை தொடங்குமுன் வங்கியில் இதை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயரில் கிடக்கும் பழைய கணக்கையோ, வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் கணக்கையோ பாவிக்க எண்ண வேண்டாம். உரிமையாளர் வேறு, இயக்குபவர் வேறு என்று தளம் கண்டுகொண்டால் கணக்கு முடங்கும், அதற்குள் இருக்கும் பணமும் சேர்ந்து முடங்கும்.

கட்டணத்தை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஈபேயில் பெரும்பாலான வகைகளுக்கு விற்றபின் எடுக்கும் கழிவு சுமார் 13 சதவீதம். அதோடு ஒவ்வொரு விற்பனைக்கும் சில பத்துச் சதங்கள். இந்தச் சதவீதம் பொருளின் விலைக்கு மட்டும் அன்று, வாங்குபவர் கட்டும் தபால் செலவையும் அவருடைய நாட்டு விற்பனை வரியையும் சேர்த்த முழுத்தொகைக்குக் கணக்கிடப்படும். ஓர் உறை 30 டொலருக்குப் போய், தபாலுக்கு 8 டொலர் பெற்றால், 38 டொலரில் ஏறக்குறைய 5½ டொலர் தளத்துக்குப் போய்விடும். தபாலகத்தில் 8 டொலரும் செலவாகும். எஞ்சும் 24½ டொலரிலிருந்து வெளிநாட்டு விற்பனைக்கான மேலதிகக் கட்டணமும் பணம் மாற்றும் கழிவும் போகும். 30 டொலருக்கு விற்ற பொருளுக்கு 22 அல்லது 23 டொலர் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 5 டொலர் பொருளை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள், மிச்சம் இருக்காது. அதனால்தான் சில்லறைத் தபால்தலைகளை ஒவ்வொன்றாகப் போடாமல், ஓர் அரசர் காலம், ஒரு கருப்பொருள் என்று தொகுத்து ஒரே தொகுதியாக விற்பது நல்லது.

புதிய ஈபே கணக்குக்குச் சில கட்டுப்பாடுகள் இருக்கும். தொடக்கத்தில் மாதத்துக்கு இத்தனை பொருள், இத்தனை டொலர் என்று எல்லை போடுவார்கள். பத்துப் பொருள், 500 டொலர் என்ற அளவில் தொடங்குவது வழக்கம். முதல் விற்பனைகளின் பணத்தை, பொருள் போய்ச் சேர்ந்தது உறுதியாகும்வரை, சில வேளை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். அவசரச் செலவுக்கு இந்தப் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது. மேலும், ஈபே வாங்குபவர் பக்கம் சாய்ந்த தளம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பொருள் வரவில்லை என்றோ, விவரித்தபடி இல்லை என்றோ அவர் முறையிட்டால், உங்கள் கையில் ஆதாரம் இல்லாத நிலையில் பணம் அவருக்குத் திரும்பிப் போகும். 2008இலிருந்து விற்பவர் வாங்குபவருக்குப் பாதகமான கருத்துப் பதியவும் முடியாது. முதல் ஐந்தாறு விற்பனைகளைச் சிறிய, சிக்கலற்ற பொருட்களோடு செய்து நல்ல பெயர் எடுத்த பிறகே பெறுமதியானதைப் போடுங்கள். பெயரில்லாத விற்பனையாளரிடம் பெரிய தொகைக்கு ஏலம் கேட்க மனிதர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நேரடியாக உங்கள் விலையைக் குறைக்கும்.

அந்தப் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்த பகுதியும் அதுதான். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை பொறித்த செப்புக் காசுகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் இருக்கின்றன. யானை பொறித்த ஆரம்பகாலப் பிரித்தானியக் காசுகளும் உண்டு. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அதாவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. அவற்றை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. இது உறுதி. ஒல்லாந்தர் காசு உலகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பது, நெதர்லாந்தில் யாரும் சுதந்திரமாக விற்பது ஆகியவை உங்களுக்குப் பாதுகாப்பாகா. இலங்கையிலிருந்து அனுப்புகிறவருக்கு இலங்கைச் சட்டமே பொருந்தும். அந்தக் காசுகளை ஈபேயில் போட வேண்டாம் என்பதே என் திடமான ஆலோசனை.

1815க்குப் பிந்தியவை, உதாரணமாக 1870 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா மகாராணியின் ஒரு சத, ஐந்து சதச் செப்புக் காசுகள், அவ்வளவு தெளிவானவை அல்ல. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கிறது; குறிப்பிட்ட ஒரு பொருள் அதன் அட்டவணைக்குள் வருமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொல்பொருள் திணைக்களத்துக்கு உண்டு, எனக்கு இல்லை. தெளிவான படங்களோடு திணைக்களத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் பெறுங்கள். அப்பாவின் அலுமாரியில் யானைத் தந்தத்தில் செய்த எதுவும் இருந்தால் அதற்கு இணையத்தில் இடமில்லை. ஈபே தந்த விற்பனையை 2009இலிருந்து முற்றாகத் தடை செய்திருக்கிறது, நாட்டின் சட்டமும் சர்வதேச உடன்படிக்கையும் வேறு இருக்கின்றன. எந்தக் காசையும் புளி போட்டோ, பிரஸோ என்ற உலோக மெருகுத் திரவம் பூசியோ மினுக்க வேண்டாம். பழைய செம்பின் கபில நிறம் போனால் பெறுமதியில் பெரும்பகுதி போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

கடித உறைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்; உங்களிடம் உள்ளவற்றில் மிகுந்த கவனத்துக்குரியவை அவைதான் என்று நினைக்கிறேன். தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றாதீர்கள். ஆறாம் ஜோர்ஜ் காலத்துச் சாதாரணத் தபால்தலை ஒன்று தனியாகச் சில சதம் பெறும். அதே தலை, கிழக்கிலங்கையின் ஒரு சிறிய தபாலகத்தின் தெளிவான முத்திரையோடு, முகவரி எழுதிய முழு உறையில் இருந்தால் அதை வாங்குகிறவர்கள் வேறு வகையினர். எந்தத் தபாலகம், எந்தத் திகதி, எந்த வழியாகப் போனது, பின்பக்கத்தில் இடைவழி முத்திரை இருக்கிறதா, போர்க்காலத்துத் தணிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் கடிதங்களைக் கொண்டுபோய்விட்டன. எஞ்சியிருக்கும் ஒரு பையை, ஒரு பழைய தபால்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து ஒன்றொன்றாகப் பார்த்துப் பிரியுங்கள். உள்ளே கடிதம் இருந்தால் முதலில் வாசியுங்கள். குடும்பத்துக்குரியதை எடுத்துவைத்துவிட்டு உறையை மட்டும் விற்கலாம், அதில் பிழை ஒன்றும் இல்லை.

விலையை அறிவதற்குப் பட்டியல் நூல்களை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலில் போட்டிருப்பது, குறையற்ற நிலையில் உள்ள தலையை ஒரு வியாபாரி விற்கும் விலை. நமக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஈபேயில் தேடும்போது, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அதில் தெரியும் தொகைகளே உண்மையான சந்தை விலை. விற்பதற்காகப் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டக் கூடாது, எந்த விலையையும் எவரும் போடலாம். வாவிக்கரைக் காற்றின் ஈரத்தில் பசை ஒட்டிப்போய், கபிலப் புள்ளி விழுந்த தபால்தலைகள் நம் வீடுகளில் சாதாரணம். அதை மறைக்காமல், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, புள்ளி இருக்கிறது என்று எழுதியே விடுங்கள். எழுதியதற்காகக் குறையும் தொகையைவிட, எழுதாமல் விட்டதற்காகத் திரும்பி வரும் பொதி அதிகம் செலவு வைக்கும். யஷிகாவுக்கும் இதே ஈரம்தான் எதிரி: இருட்டறையில் வில்லையின் பின்னிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல்போல் தெரிந்தால் அது பூஞ்சணம். வேலை செய்கிறது என்று எழுத வேண்டுமானால் ஒரு சுருள் பிலிம் போட்டுப் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஷட்டர் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் போதாது. மாதிரியைப் பொறுத்துக் கமராவின் விலை மிகவும் வேறுபடும், ஆகவே அடியில் பொறித்திருக்கும் பெயரை முழுதாக எழுதித் தேடுங்கள்.

அனுப்பும் வழி நான் நன்கு அறிந்த பகுதி. சிறுபொதியாகப் பதிவுத்தபாலில் 2 கிலோ வரை அனுப்பலாம்; இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கத்தோடு, இலங்கையைக் குறிக்கும் இரண்டெழுத்தில் முடியும் இலக்கம் ஒன்று கிடைக்கும். அந்த இலக்கத்தைத் தளத்தில் பதிந்துவிட்டால் அதுவே உங்கள் ஆதாரம். சி.என்.22 என்ற சுங்கச் சீட்டில் பொருளையும் பெறுமதியையும் உள்ளபடி எழுதுங்கள். வாங்குபவர் அன்பளிப்பு என்று எழுதச் சொன்னாலும் எழுத வேண்டாம். பதிவுத்தபாலில் தொலைந்தால் கிடைக்கும் நட்டஈடு சிறியது என்பதால், பெறுமதி கூடியதைக் காப்பீட்டோடு கூடிய வழியில் அல்லது விரைவுத்தபாலான ஈ.எம்.எஸ்.இல் அனுப்புவது முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து எவ்வளவு சிறிய பொதிக்கும் பெறுமதிசேர் வரி கேட்கிறது. குறிப்பிட்ட தொகைவரை ஈபே அதை வாங்குபவரிடமே அறவிட்டுவிடும், அதற்காக ஈபே தரும் வரி இலக்கத்தைப் பொதியின் சுங்கத் தரவில் கொடுக்க மறக்கக் கூடாது. அமெரிக்கா, 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29இலிருந்து நிறுத்தியது; அதன் பிறகு பல நாட்டுத் தபால் சேவைகளில் அமெரிக்கப் பொதிகள் தடைப்பட்டன. அந்நாட்டு வாங்குநருக்குப் பொருளைத் திறந்துவிடுமுன், மட்டக்களப்புப் பிரதான தபாலகத்தில் அன்றைய நிலையையும் கட்டணத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்பது பயன் தராது.

தொடக்க விலையில் இரண்டு கொள்கைகள் உண்டு. ஒரு டொலரில் தொடங்கினால் பலர் கேட்கத் தொடங்குவார்கள், போட்டி சூடுபிடிக்கும் என்பது ஒன்று. பலரும் தேடும் பொருளுக்கு அது சரி. உங்கள் உறைகள் போன்ற, சிலர் மட்டுமே தேடும் பொருளுக்கு, இதற்குக் குறைந்து போனால் மனம் வருந்துவேன் என்ற தொகையிலேயே தொடங்குங்கள் என்பேன். ஏலம் முடியும் நேரமும் விலையைப் பாதிக்கும். இங்கிலாந்தில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் நமக்குக் கோடைகாலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. வாங்குபவர்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும் அந்த நேரத்தில் முடியும்படி வையுங்கள், நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை. விலையை ஏற்றுவதற்காக உறவினரைக் கொண்டு கேட்கச் சொல்லும் யோசனையை யாராவது தந்தால் ஏற்காதீர்கள். அது வாங்குபவரை ஏமாற்றும் செயல், தளத்தின் விதிக்கும் புறம்பானது; கண்டுபிடித்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

அக்காவின் சேலைகளை ஏலத்துக்கு விடவே வேண்டாம். ஏலம், விலை தெரியாத ஒற்றைப் பொருளுக்கு உரியது. நூலின் விலை, கூலி, சாயம், நாட்கணக்கு எல்லாம் தெரிந்த ஒரு நெசவுக்கு, ஏலம் என்பது உழைப்பின் விலையை அந்நியர் இருவரின் கையில் விட்டுவிடுவதாகும். அன்றைக்கு ஒருவர் மட்டும் வந்தால் நூல் விலைக்கே சேலை போய்விடும், அடுத்த வாங்குபவரும் அந்த விலையையே காட்டிக் கேட்பார். நிலையான விலையில், உள்நாட்டில் முகநூல் பக்கம் மூலமாகவும், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு முன்பணம் பெற்றும் விற்பது நியாயமானது. துணி வியாபாரத்தின் மற்ற நுட்பங்களை மருதமுனையிலேயே அதைச் செய்கிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எந்த வழியில் விற்றாலும் மோசடிக்காரர் வருவார்கள். தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் பேசுவோம் என்பவர், விலைக்கு மேலாகப் பணம் அனுப்பிவிட்டேன் மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பவர், பணம் வந்துவிட்டதாக மின்னஞ்சல் காட்டுபவர், கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் ஆகிய எவருக்கும் பதில் எழுத வேண்டாம். பணம் வந்ததா என்பதை உங்கள் கணக்கிற்குள் நுழைந்து பார்த்தே நம்புங்கள்.

அல்பத்தில் விக்டோரியா காலத்துப் பென்ஸ் மதிப்புத் தலைகள், அதாவது 1857இல் இலங்கையின் முதல் தபால்தலை வெளிவந்ததிலிருந்து 1872இல் ரூபா சத முறை வரும்வரையான காலத்தவை, இருந்தால் அவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். விளிம்பில் துளையிடாத தலைகளில் நாலு பக்க ஓரமும் வெட்டுப்படாமல் இருந்தால் விலை பல மடங்கு. போலிகளும், துளையை வெட்டி எடுத்துத் துளையில்லாததாகக் காட்டியவைகளும் நிறைய உண்டு, படத்தைப் பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. உண்மையானது என்று பட்டால், இணைய ஏலத்துக்குப் பதிலாக நிபுணர் சான்றிதழ் பெற்று லண்டன் ஏல நிறுவனம் ஒன்றுக்குக் கொடுப்பதே சரி. அதற்கும் மேலே சொன்ன ஏற்றுமதிச் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களையும், உறைகள் பத்துப் பன்னிரண்டின் முன், பின் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, முகவரிகளை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள். எவற்றை ஈபேக்கு அனுப்பலாம், எவற்றை டெல்காம்பில் போடலாம், எவற்றை முகநூல் குழுவிலேயே விற்றுவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.